உஷார்! மெலிந்துவிட்டார் என்று கொண்டாடுவதற்கு முன்

எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். எடை மளமளவென்று இறங்குகிறது, பழைய பிளவுஸ் தொளதொளக்கிறது, வீடே பூரித்துப்போயிருக்கிறது. ‘நாலு நாளா எதைக் குடிச்சாலும் வாந்தி வருது’ என்று அவர் சொன்னால், ‘வயிறு சின்னதாயிடுச்சுல்ல, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் ஒருவர். ‘எப்படியோ, எடை குறையுதே’ என்கிறார் இன்னொருவர்.

உஷார்! இந்தச் சமாதானப் பேச்சுதான் ஆளைச் சாய்க்கிறது. எடை குறைப்புக்கான இந்த பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இரண்டு மூன்று நாளாகியும் வாந்தி நிற்கவில்லையா? ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றே போக வேண்டும். கூடவே காய்ச்சல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல், படபடவென்று அடிக்கும் இதயம் இருந்தால் தையல் போட்ட இடத்தில் கசிவா என்று பார்க்க வேண்டியிருக்கும்; அதற்கு மணிக்கணக்குகூடக் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாத வெறும் வாந்தியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வைட்டமின் பி1, அதாவது தயமின். உடம்பில் இதன் மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரத்தில் காலி. ஸ்லீவ் என்கிற வகை ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி பிடிக்கிற ஒரு குழாய். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் இன்னும் குறைவு, 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை. முதல் மாதம் அதற்குள் போவதே நாலு வாய் கஞ்சி. அந்த நாலு வாயும் வாந்தியில் போனால் பி1 எங்கிருந்து வரும்?

முதலில் பாதத்தில் எரிச்சல், மரமரப்பு. பிறகு நடையில் தள்ளாட்டம். எதிரே நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிவார், கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும், பேச்சு குழறும், இன்றைக்கு என்ன கிழமை என்பது குழம்பும். கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-லேயே விவரித்துவைத்த மூளைப் பாதிப்பு இது. நாள்பட்ட குடிநோயாளிகளுக்கு வருவது என்றே பெயர் வாங்கிவிட்டதால், சொட்டு மதுவைத் தொடாத நாற்பது வயதுப் பெண்மணி தள்ளாடிக்கொண்டு வரும்போது யாருக்கும் சட்டென்று இது தோன்றுவதில்லை. எல்லா அறிகுறியும் சேர்ந்து வரும் என்றும் காத்திருக்க முடியாது. தாமதமானால் உயிர் பிழைத்தாலும் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் வந்து குறுக்கே நிற்கிறது. வாந்தி, சோர்வு என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு பி1 வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியும் செலவாகி, நடந்து வந்தவர் மயங்கி விழலாம். தெம்புக்காக ஏற்றியதே வினையாகிவிடும். ஆகவே எந்த கேஷுவாலிட்டிக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள்: ‘எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு. இத்தனை நாளா வாந்தி. குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் ஊசி போடுங்க.’ சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். அது அவர்கள் வேலை. குழம்பிப்போயிருப்பவரால் இதைச் சொல்ல முடியாது. அதனால் ஒரு சீட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு பர்ஸில் வைத்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இந்த மூன்று வரியும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பி1-க்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் விழுந்தார்கள். தோட்டங்களில் புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. அங்கே வேலை பார்த்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்கிற விளக்கம் பின்னால்தான் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, ‘நானும் புழுங்கலரிசிக் கஞ்சிதானே குடிக்கிறேன்’ என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அவர்கள் தட்டு நிறையச் சாப்பிட்டவர்கள். நீங்கள் குடிப்பது நாலு ஸ்பூன். டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரைதான் உங்களைக் காப்பாற்றும்.

கஞ்சி என்றதும் பத்தியத்தையும் பேசிவிடலாம். எந்த ஆபரேஷன் ஆனாலும் நம் வீடுகளில் தெரிந்த பத்தியம் ஒன்றுதான்: கஞ்சி, இட்லி, ரசஞ்சாதம், இளநீர். அப்பெண்டிக்ஸுக்கு அது சரி. இங்கே அது பட்டினி. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். காலையில் அரை இட்லி, பதினோரு மணிக்கு இளநீர், மதியம் குழைய வடித்த ரசஞ்சாதம் நாலு ஸ்பூன், ராத்திரி கஞ்சி என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் அம்மாவின் கணக்கைக் கூட்டிப்பாருங்கள், 10 கிராம் தேறாது. பாசத்தில் குறையில்லை, புரதத்தில்தான் பெருங்குறை.

ஒரு முட்டையில் 6 கிராம். 100 மில்லி பாலில் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 50 கிராம் பனீரில் ஏறக்குறைய 9. முள் நீக்கி உதிர்த்த மீன் 50 கிராமில் 10. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அதற்குப் பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, இரண்டு மாதம் வாக்கில் ஓரளவு வழக்கமான சாப்பாடு என்பது பல ஆஸ்பத்திரிகளின் வரிசை; உங்கள் டாக்டர் போட்டுக்கொடுத்த அட்டவணை எதுவோ அதுவே சட்டம். எந்தக் கட்டத்திலும் தட்டில் முதலில் காலியாக வேண்டியது புரதம். இடம் மிச்சமிருந்தால் காய். சோறு கடைசியில், அதுவும் இரண்டு வாய். முதல் மாதங்களில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் கணக்கு நேராவது கடினம், சைவம் என்றால் இன்னும் கடினம். எந்த பவுடர் என்பதை டயட்டீஷியன் சொல்லட்டும். ஜிம்முக்குப் போகும் மச்சான் சொல்ல வேண்டாம்.

புரதம் குறைந்தால் தசை கரையும், கால் வீங்கும். எடை காட்டும் மெஷினுக்குக் கொழுப்பு போனதா தசை போனதா என்று தெரியாது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வேகமாக இளைக்கிற எவருக்கும் நடப்பதுதான். சாப்பாடு சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். தேங்காயெண்ணெயை மாற்றிப் புண்ணியமில்லை.

சாப்பிடும் விதமும் மாறியாக வேண்டும். காபி ஸ்பூனால் ஒரு வாய், கூழாகும்வரை மெல்லுவது, விழுங்கிவிட்டு ஸ்பூனைக் கீழே வைப்பது. ஆறு ஸ்பூனுக்கு இருபது நிமிடம் ஆனால் பரவாயில்லை. போதும் என்பதைப் பழைய வயிறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சிலருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்கு விக்கல், தும்மல், நெஞ்சுக்கு நடுவில் ஓர் இறுக்கம். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று உள்ளே தள்ளினால் வாய் நிறைய எச்சில் ஊறி நுரை நுரையாக வெளியே வரும். சப்பாத்தி, பிரெட், பிசைந்த சோற்று உருண்டை, காய்ந்த கோழிக்கறி இவைதான் பெரும்பாலும் சிக்கிக்கொள்பவை. அன்பாக ஊட்டிவிட வருகிறவர்களை அன்பாகவே தள்ளி உட்காரச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்து, மடக் மடக்கென்று இல்லாமல், நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லிட்டராவது.

ஆறு மாதம் தாண்டினால் வேறு வகை வம்பு. கோழிக்கறி இரண்டு துண்டுக்கு மேல் இறங்காத வயிற்றில் டீயில் நனைத்த பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாந்தியில்லை, இறுக்கமில்லை, ஆகவே குற்ற உணர்வும் இல்லை. போன எடை திரும்பி வருகிற வழி பெரும்பாலும் இதுதான். பைபாஸ்காரர்களுக்குக் கல்யாணப் பந்தியின் கேசரி உடனே கணக்குத் தீர்க்கும்: அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. சிலருக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சரிந்து தலைசுற்றும்.

சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருப்பதும் ஆபத்து. சாப்பாடு கால்வாசியாகிவிட்டது, மாத்திரை மட்டும் முழுசாக இருந்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, வயிற்றுப் புண்ணையும் ரத்தக்கசிவையும் வரவழைக்கும். மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். முதல் வருடம் ஒழுங்காக இருந்துவிட்டு இரண்டாம் வருடம் அதில் விழுகிறவர்கள் உண்டு. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் ஒன்று, ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடுவதே பத்திரம்.

கடைசியாக, வைட்டமின் மாத்திரைப் பெட்டி. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஆறாவது மாதத்தில் அதைப் பரணில் போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம். பி12 ஈரலில் வருடக்கணக்கில் கையிருப்பு இருக்கும், அதனால் அது தீர்வது உடனே தெரியாது. முட்டை, மீன், கறி தொடாதவர்களுக்கு அந்தக் கையிருப்பே ஏற்கெனவே குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் வேண்டாம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதற்குப் பிறகு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால் திரும்பிப் போய்க் கேளுங்கள்: ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின். இந்த ஆறும் பரிசோதனைச் சீட்டில் இருக்க வேண்டும்.