அது சுளுக்கு இல்லை ஸார்!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுவது ஒரு கலை. அதில் எனக்குப் பத்து வருஷ அனுபவம். ஆனாலும் ஒரு நாள் சாயங்காலம் மணலில் முன்சக்கரம் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். பேன்ட் கிழியவில்லை. ஹெல்மெட்டில் கீறல் இல்லை. பின்னால் வந்த லாரி டிரைவர் மட்டும் என் பரம்பரையைப் பற்றி அன்போடு விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் மணிக்கட்டில் லேசான வலி. பெரிய வீக்கம்கூட இல்லை. பக்கத்து வீட்டு ஆயா பார்த்துவிட்டு, ''இன்னாப்பா, வெறும் சுளுக்கு. எண்ண போட்டு உருவி வுட்டா ரெண்டு நாள்ல சரியாப்பூடும்'' என்று தீர்ப்பு சொன்னாள். உருவினாள். ராயபுரத்தில் நான் போட்ட சத்தம் காசிமேடு வரை கேட்டிருக்கும். மறுநாள் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே. ''ஒண்ணுமில்லே, தைலம் தடவுங்க'' என்றார்கள்.

தடவினேன். மூன்று மாதம்! சாதாரண வேலையெல்லாம் நடந்தது. ஆனால் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கினால் உயிர் போனது. ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை. ஒரு பக்கம் எழுதினால் பேனா தானாக நழுவியது. பி.காம். சர்டிபிகேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு எழுதிப் பிழைக்க வந்தவனுக்கு வலது கை போனால் மிச்சம் என்ன? அப்போதுதான் பயம் வந்தது.

பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் அந்தப் பெயர். துறைமுகம், பட்டறை, பிரஸ் மெஷின் என்று கையை நசுக்குகிற சமாசாரங்கள் நிறைந்த ஏரியாவில், கைக்கென்றே 1971-ல் அங்கே தனிப் பிரிவு ஆரம்பித்தவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. வெட்டுப்பட்ட விரல் நுனியைச் சீர்செய்ய அவர் 1980-ல் எழுதிய முறை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு, 2018-ல் மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தியதும் இதே ஆஸ்பத்திரிதான். பஸ் ஸ்டாப்பில் நின்றால் தெரிகிற இடம். நான் மூன்று மாதம் தைலக் கடைக்குத்தான் போனேன்!

அங்கே இருந்த இளம் டாக்டர் என் பழைய எக்ஸ்ரேயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ''கட்டை விரலை விரிச்சு நீட்டுங்க தம்பி.'' நீட்டினேன். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக இரண்டு நரம்பு புடைத்து, நடுவே ஒரு குழி விழுந்தது. (நாம் நரம்பு என்பது உண்மையில் தசைநாண்.) நீங்களும் செய்து பாருங்கள். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். அதனால் டாக்டர்கள் அதற்கு வைத்த பெயரே மூக்குப்பொடி டப்பிதான். அந்தக் குழியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். ஸ்டூலோடு எழுந்துவிட்டேன்.

''ஸ்கேஃபாய்ட் உடைஞ்சிருக்கு.''

மணிக்கட்டில் எட்டு குட்டி எலும்புகள். அதில் இது முந்திரிப்பருப்பு சைஸ். கிரேக்கத்தில் படகு என்று அர்த்தமாம். காசிமேட்டு ஓரத்தில் வளர்ந்தவனுக்கு உடைந்ததுகூடப் படகு! கையை ஊன்றி விழும் இளவட்டங்களுக்குத்தான் இது அதிகம் உடைகிறது. வீக்கம் குறைவு, முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் முன்னாடியே தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை அவசரம்? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து பின்னோக்கி வருகிறது. ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை போக வேண்டியவன், திருவொற்றியூரில் இறங்கித் திரும்பி நடக்கிற மாதிரி. நடுவில் ரோடு உடைந்தால்? இந்தப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடந்து செத்தே போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில வார மாவுக்கட்டோடு போகும். எனக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, ஸ்க்ரூ போட்டார்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பையனைச் சொல்ல வேண்டும். பட்டறையில் ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. கூட வந்தவர்கள் புத்திசாலித்தனமாக, மீனுக்குப் போடுகிற ஐஸுக்குள் விரலை நேரடியாகப் புதைத்துக் கொண்டு வந்தார்கள். ஐஸ் நேரே பட்டதில் திசுவெல்லாம் உறைந்து கெட்டுவிட்டது. ஒட்ட முடியவில்லை. விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். வெட்டுப்பட்ட கையில் கயிறு கட்டாமல், துணியை வைத்து அழுத்தித் தூக்கிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டோடு போனால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பது நல்லது. பையனுக்கு வயது இருபத்திரண்டு.

கிரிக்கெட் ஆடுகிறவர்களே, பந்து பட்டு விரல் நுனி மட்டும் தலைகுனிந்து நின்றால் சொடக்கு எடுக்காதீர்கள். நிமிர்த்திச் சிம்பு வைத்து, ஆறிலிருந்து எட்டு வாரம் ஒரு தரம்கூட மடங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். குளிக்கும்போது மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம்! யார் கட்டுப் போட்டாலும் சரி, விரல் மரத்தோ நீலம் பூத்தோ போனால் உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

''அன்னிக்கு நீ கத்தாம இருந்தீன்னா, இன்னும் ரெண்டு உருவு உருவியிருப்பேன் நைனா. இவ்ளோ செலவே இல்ல!''