கருப்பைப் பாலிப்: அகற்றினால் குழந்தைப்பேறு உறுதியா?

ஸ்கேன் அறிக்கையில் "பாலிப்" என்ற சொல் இடம்பெற்றுவிட்டால், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் மனதில் இரண்டு கேள்விகள் ஒருசேர எழுகின்றன. இது புற்றுநோயாக இருக்குமோ என்பது ஒன்று. இத்தனை காலமாகக் கரு தங்காமல் போனதற்கு இதுதான் காரணமோ என்பது மற்றொன்று.

முதலாவது அச்சம், மாதவிடாய் நிற்காத வயதினரைப் பொறுத்தவரை பெரும்பாலும் தேவையற்றது. இவ்வயதில் காணப்படும் பாலிப்புகளில் மிகச் சிலவே புற்றுநோயாக இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கான விடை அவ்வளவு எளிதானதல்ல.

கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வு மாதந்தோறும் தடித்து, கரு உருவாகாதபோது மாதவிடாயாக வெளியேறுகிறது. அச்சவ்வின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து உள்ளே துருத்தி நிற்பதே பாலிப் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது "சதை வளர்ச்சி" என்று கூறப்படுகிறது. சில பாலிப்புகள் காம்பில் தொங்கும். சில அடி அகன்று சுவரோடு ஒட்டியிருக்கும். சில மில்லிமீட்டர் முதல் பல சென்டிமீட்டர் வரை அளவு வேறுபடும். கருப்பைத் தசையில் தோன்றும் ஃபைப்ராய்டு கட்டி இதிலிருந்து முற்றிலும் வேறானது.

மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் உதிரம் படுவதும், மாதவிடாயின்போது மிகுதியாக உதிரம் போவதும் இதன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமல், குழந்தையின்மைக்கான பரிசோதனையின்போது மட்டுமே பாலிப் தென்படும் பெண்களும் பலர்.

கருப்பைக்குள் குழாய் போன்ற கருவியைச் செலுத்தி நேரடியாகப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி முறையின் வரலாறே ஒரு பாலிப்பில்தான் தொடங்குகிறது. 1869ஆம் ஆண்டில் பாந்தலியோனி என்ற இத்தாலிய மருத்துவர், மாதவிடாய் நின்ற பின்னரும் உதிரப்போக்கால் அவதியுற்ற ஒரு பெண்ணின் கருப்பையைக் கண்ணால் பார்த்து, அங்கிருந்த பாலிப்புக்குச் சிகிச்சையளித்தார்.

மாட்ரிட் ஆய்வு

பாலிப் கருத்தரிப்பைத் தடுப்பது எவ்வாறு என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. கருக்குழாயின் வாயிலில் அது வளர்ந்திருந்தால் விந்தணுவின் பாதையை மறிக்கக்கூடும். கரு பதியவேண்டிய சவ்வில் அழற்சியையும் அது உண்டாக்கலாம். கரு பதிவதற்குச் சவ்வை ஆயத்தப்படுத்தும் இரு மரபணுக்களின் செயற்பாடு, பாலிப் உள்ள பெண்களிடம் குறைந்திருப்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் தெரிவித்தனர். பாலிப் உள்ள இடத்தில் மட்டுமன்றி, கருப்பைச் சவ்வு முழுவதிலுமே மாற்றம் நேரலாம் என்பதை இது உணர்த்துகிறது.

ஆனால் பாலிப்பை அகற்றுவதால் பலன் உண்டா என்பதற்கு மருத்துவர்கள் இன்றளவும் முதன்மையாக எடுத்துக்காட்டுவது, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வையே. விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சைக்குக் காத்திருந்த, பாலிப் உள்ள 215 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பாலிப் அகற்றப்பட்டது. மறு பிரிவினருக்கு அதிலிருந்து சிறு திசு மட்டுமே எடுக்கப்பட்டது. அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேரும், மற்றவர்களில் நூற்றுக்கு 28 பேரும் கருவுற்றனர். முதற்பிரிவில் கருவுற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஐயூஐ சிகிச்சையே தேவைப்படவில்லை.

வேறுபாடு பெரிதுதான். எனினும் இது ஒரேயோர் ஆய்வு. கருவுற்றவர்களின் எண்ணிக்கையை அது கூறுகிறதே தவிர, எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று கூறவில்லை. இத்தகைய சான்றுகளை 2018இல் மீளாய்வு செய்த காக்ரேன் அமைப்பு, உறுதியான முடிவுக்கு வர அவை போதா என்று கருதியது. அதற்காகப் பாலிப்பை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. குழந்தைக்கு முயலும் பெண்ணிடம் பாலிப் தெளிவாகத் தென்பட்டால் அகற்றுவதே பெரும்பாலான மருத்துவர்களின் நடைமுறை. சிகிச்சை சிறியது, பலன் கிடைக்கும் வாய்ப்பு கணிசமானது என்பதால் அந்த நடைமுறையில் நியாயமும் உள்ளது.

தொடர் கருச்சிதைவு

அடுத்தடுத்துக் கருச்சிதைவுக்கு உள்ளாகும் பெண்களின் நிலை வேறு. இங்குதான் நம்பிக்கைக்கும் சான்றுக்கும் இடையிலான தூரம் அதிகம். ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். ரத்தம் உறையும் தன்மையைப் பாதிக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் குறைபாடு, தைராய்டு கோளாறு, கருப்பையின் பிறவி வடிவக் குறை ஆகியனவும் ஆராயப்படவேண்டியவை. தொடர் கருச்சிதைவுக்கு உள்ளான பெண்களிடம் பாலிப்பை அகற்றுவதை ஆதரிக்கப் போதிய சான்றில்லை என்கின்றன இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பிய சங்கத்தின் வழிகாட்டு நெறிகள்.

பாலிப்பை அகற்றிய பின் அடுத்த கரு தங்கி, குழந்தையும் பிறந்த குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் காரணம் கண்டறியப்படாத தொடர் கருச்சிதைவுக்குப் பின்னர், எந்தச் சிகிச்சையும் இன்றியே அடுத்த கருவில் குழந்தை பெறும் பெண்கள் ஏராளம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாராமல் பெருமையைச் சிகிச்சைக்கு மட்டும் அளிக்க இயலாது. பாலிப் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிற பரிசோதனைகள் கைவிடப்படுவதே இதிலுள்ள பெரிய ஆபத்து. கணவரின் விந்துப் பரிசோதனையும் அவ்வாறு கைவிடப்படுவதுண்டு. குழந்தையின்மைக்குப் பெண்ணையே முதற்காரணமாகக் கருதும் குடும்பங்களில், அவளது கருப்பையில் ஏதோ ஒன்று தென்பட்டதும் தேடல் நின்றுபோவது எளிது.

எப்போது, எப்படி?

பாலிப்பைக் காண, மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் பிறப்புறுப்பு வழியாகச் செய்யப்படும் ஸ்கேன் ஏற்றது. பிற்பகுதியில் சவ்வே தடித்திருப்பதால் இல்லாத பாலிப் இருப்பதுபோலவும், இருப்பது மறைந்தும் தோன்றக்கூடும். ஐயமிருந்தால் உப்புநீரைச் செலுத்தி ஸ்கேன் செய்வதும், ஹிஸ்டரோஸ்கோப்பியும் துல்லியம் தரும். பார்க்காமலேயே சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி முறையில் பாலிப் தவறிவிடுவது அடிக்கடி நேர்கிறது. கருப்பையில் துளை விழுதல், தொற்று, உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியன அரிதான ஆனால் உண்மையான பக்கவிளைவுகள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில பாலிப்புகள் தாமாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

ஸ்கேனில் எதுவும் தென்படாத பெண்களுக்கும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன்னர் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. நெதர்லாந்தில் ஒன்றும், பிரிட்டன் உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுமாக நடத்தப்பட்டு 2016இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று காட்டின.

பாலிப் அகற்றப்பட்ட பின் எத்தனை மாதம் பொறுத்திருக்கவேண்டும் என்பது பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அடுத்த மாதவிடாய்க்குப் பிறகே சோதனைக்குழாய்ச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்கும், பல மாதங்கள் காத்திருந்தவர்களுக்கும் இடையே பலனில் வேறுபாடு காணப்படவில்லை. முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில மாதங்கள் அற்பமானவை அல்ல.