மூட்டை தூக்கும் முன் முதுகையும் நினைங்க

இயற்கை விவசாயத்துக்கு மாறுபவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: சுமை கூடும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிரண்டோடு முடிந்த வேலை இப்போ முடியாது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்றால், 20 கிலோ கூடையில் 250 நடை. ஒவ்வொரு நடைக்கும் குனிஞ்சு தூக்கணும். முதுகு வலி பெரிய மூட்டையால் மட்டும் வருவதில்லை, இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்தும் வரும்.

வலி எப்படி வருது?

கடப்பாரை நெம்புற கணக்குதான். முதுகுத் தசை, முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்குது. 20 கிலோ கூடையை 50 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, அதுக்காக மட்டுமே தசை 200 கிலோவுக்குச் சமமா இழுக்கணும். வயிற்றை ஒட்டி 25 செ.மீ.யில் பிடிச்சா அதில் பாதிதான். தூக்கினபடியே இடுப்பைத் திருப்பினால், எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். காலையில் எழுந்ததும் ஜவ்வு நீர் கோத்து உப்பியிருக்கும். அதனால் ஒரு மணி நேரம் நடமாடிவிட்டு அப்புறம் சாணக் கூடையைத் தொடுங்க.

என்ன செய்யலாம்?

* எடையைக் குறைங்க. ஆண் ஒருவர் சுமப்பது 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அதைவிட நல்லாவே குறையணும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. 75 கிலோ நெல் மூட்டையை 40 கிலோவாகப் பிடிங்க. அதையும் ரெண்டு பேரா தூக்குங்க.
* 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம்மை நிரப்பிய பிறகு நகர்த்தாதீங்க. வாய்க்கால் ஓரத்திலேயே வைத்துக் கலக்கி, குழாய் வழியா விடுங்க.
* அந்தக் காலத்துச் சுமைதாங்கிக் கல்லை நினைச்சுப் பாருங்க. தலைச்சுமையை அடுத்தவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்ற வைத்த கல் அது. களத்திலும் உரக்குழி ஓரத்திலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினால், தரையிலிருந்து தூக்கும் வேலையே பாதி குறையும்.
* தரையில் இருப்பதை முட்டியை மடக்கி, உடம்போடு அணைச்சுத் தூக்குங்க. திரும்பணும்னா காலை எடுத்து வச்சுத் திரும்புங்க.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ எண்ணெய் நீவிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்க. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலும், சிறுநீர் இறங்காமல் நின்றாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கூலிக்கு மூட்டை தூக்க வர்றவங்களுக்கும் இதே முதுகுதான். நஞ்சில்லாமல் விளைவிக்கிற நம்ம களத்தில், ஒருத்தர் இடுப்பு ஒடிஞ்சு வீடு திரும்பக் கூடாது.