இல்லம் தேடி வரும் பராமரிப்பு: தரமும் பாதுகாப்பும்

1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அக்காலத்தில் விண்வெளி மையப் பணிக்காகச் சூளூர்பேட்டையில் குடியேறியோர் இன்று எழுபது வயதைக் கடந்து, எண்பதை எட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் பலருக்குப் பணி சென்னையில், பெங்களூருவில் அல்லது கடல் கடந்த நாடுகளில். சென்னை ரயில் செல்லும் தொலைவுதான். ஆயினும் படுக்கையில் இருக்கும் தந்தையை நாள்தோறும் கவனிக்க அதுவும் நெடுந்தொலைவே. ஆகவே, வீட்டிற்கே வந்து பராமரிப்பவர்களை நாடும் குடும்பங்கள் பெருகி வருகின்றன.

சட்டத்தில் ஓர் இடைவெளி

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதனைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பராமரிப்பாளர்களின் பயிற்சி, பின்புலச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களை மத்திய அரசு வகுக்கவும் வழிசெய்தது. ஆனால் அந்த மக்களவையின் காலம் முடியும்வரை அது சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் இத்தகைய நிறுவனங்கள் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். ஆய்வறிக்கைகளைப் பொதுமக்கள் படித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் அந்த ஆய்வாளரின் பொறுப்பைக் குடும்பமே ஏற்க வேண்டியுள்ளது.

யார், எதைச் செய்யலாம்?

குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நடக்கத் துணைநிற்றல் ஆகியவை பயிற்சி பெற்ற உதவியாளரின் பணிகள். ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், மூக்குவழி உணவுக் குழாய் பொருத்துதல் ஆகியவை மருத்துவரின் அறிவுரைப்படி தகுதி பெற்ற செவிலியர் செய்ய வேண்டியவை. 'எல்லாம் தெரியும்' என்ற சொல்லை நம்பி இவ்விரண்டையும் ஒருவரிடமே ஒப்படைப்பது ஆபத்து. சூளூர்பேட்டை மாநில எல்லையை ஒட்டிய ஊர். இரு மாநிலங்களிலிருந்தும் பணியாளர் வரக்கூடும். செவிலியர் எனில், எந்த மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்றவர் என்று கேட்டு, சான்றிதழின் நகலைப் பெற்றுக்கொள்வது நன்று.

மொழியையும் தரத்தின் ஒரு பகுதியாகவே நாம் கருத வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் மூதாட்டிக்கும் தெலுங்கு மட்டுமே அறிந்த உதவியாளருக்கும் இடையில் 'நெஞ்சு வலிக்கிறது' என்ற ஒரு சொல் புரியாமற் போனால் இழப்பு பெரிது. வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் ஆகியவற்றுக்கான சொற்களை இரு மொழிகளிலும் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

அன்றாடப் பாதுகாப்பு

எழ இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைப் பெருமளவு தவிர்க்கலாம். படுத்த நிலையில் உணவூட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, பின்னர் அரை மணி நேரமேனும் அவ்வாறே இருக்கச் செய்ய வேண்டும். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் இன்றியமையாதவை. பயன்படுத்திய ஊசிகளைத் துளைபடாத கெட்டியான டப்பாவில் தனியே சேர்க்க வேண்டும்.

இவை யாவும் ஒரு குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். மருந்து கொடுத்த நேரம், இரத்த அழுத்தம், உண்ட உணவு, புரட்டிய நேரம், தோலில் கண்ட சிவப்பு என நாள்தோறும் எழுதப்படும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால், தொலைவில் இருக்கும் பிள்ளைகளும் கவனிக்கலாம். முன்னும் பின்னும் முரணான பதிவோ எழுதப்படாத நாளோ தென்பட்டால் உடனே காரணம் கேட்க வேண்டும்.

பணமும் நம்பிக்கையும்

எழுபது வயது நிறைந்தோர்க்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் முதல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பளிக்கிறது. வீட்டு உதவியாளரின் மாத ஊதியம் அதில் அடங்காது. பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் அதனைத் தர வேண்டியுள்ளது. எனவே பணி நேரம், ஊதியம், விடுப்பு நாளில் வரும் மாற்று ஆள், பணி நிறுத்த முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஓய்வின்றி இரவும் பகலும் உழைக்கும் உதவியாளரிடம் தவறு நேர வாய்ப்பு மிகுதி. வார ஓய்வு தருவதும் முதியவரின் நலனுக்கே.

ஏடிஎம் அட்டை, ரகசிய எண், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, ஓடிபி ஆகியவற்றை எத்தனை நம்பகமானவரிடமும் கொடுத்தல் ஆகாது. எழுபது வயதைக் கடந்தோர்க்கு வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது; அதனைக் கிளையில் கேட்டுப் பெறலாம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றினை ஜீவன் பிரமாண் வழியே முகப் பதிவைக் கொண்டு வீட்டிலிருந்தே அளிக்கலாம். பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

அடி, வசை, பட்டினி போன்ற கொடுமைகளைப் பெரியவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. உதவியாளர் அருகில் இல்லாத வேளையில், வாரம் ஒருமுறையேனும் அவர்களிடம் தனியே பேசுங்கள். ஐயம் எழுந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.