க் பக்கத்தில் யார் உட்காருவார்?

போன மாதம் என் அக்கா மகள் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். "மாமா, எப்ப வருவீங்க?" அவ்வளவுதான். ஆனால் தமிழ் விசைப்பலகைக்கு மாறச் சோம்பல்பட்டு ஆங்கில எழுத்துகளில் தட்டியிருந்தாள். என் கைப்பேசி அதைப் பார்த்தது. "இந்தோனேசிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கட்டுமா?" என்று மிகப் பணிவாகக் கேட்டது.

அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "அது சரி மாமா, மத்த நேரத்துல மட்டும் எப்படிச் சரியா கண்டுபிடிக்குது? அதுக்குத் தமிழ் தெரியுமா?"

தெரியாது. ஒரே ஒரு சொல்லுக்குக்கூட அதற்குப் பொருள் தெரியாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நீங்களும் அப்படித்தான். பேருந்தில் பின் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வருகிறார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் "இது மலையாளம்", "இது தெலுங்கு" என்று உங்களால் சொல்லிவிட முடிகிறது, இல்லையா? காதில் விழும் ஒலிகளில் எதற்குப் பின் எது வருகிறது என்ற பழக்கம் உங்களுக்கே தெரியாமல் உள்ளே பதிந்திருக்கிறது. கணினியும் அதே வேலையைச் செய்கிறது. அதற்குக் காது கிடையாது என்பதால் எண்ணுகிறது.

முதலில் எளிய சல்லடை. கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு என்ற பொதுப் பட்டியலில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. செய்தி முழுக்க இந்த வீட்டு எண்களாகவே இருந்தால் அது தமிழ்த் தெரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஏறக்குறைய! மதுரையில் சௌராஷ்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இந்தச் சல்லடை ஏமாந்துபோகும். இந்தி, மராத்தி, நேபாளி மூன்றும் தேவநாகரி என்ற ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஆங்கில எழுத்துகள் இருக்கிறதே, அது தெருவே இல்லை, பெரிய சந்தை. ஆங்கிலம், பிரெஞ்சு, இந்தோனேசியம், துருக்கி எல்லாம் அங்கேதான். என் அக்கா மகளின் தமிழும் அன்றைக்கு அந்தச் சந்தையில்தான் தொலைந்தது.

தெரு உதவாதபோது அண்டை வீட்டைப் பார்க்க வேண்டும். எந்த எழுத்து எந்த எழுத்தின் பக்கத்தில் உட்காரும்?

இந்தக் கேள்வியை நம் ஊரில் மிகப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்றெல்லாம் விதி இருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகள் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வாரா. அப்படியானால் டிக்கெட், டம்ளர், ரயில், ரோஜா, லாரி, லட்டு? எல்லாம் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள். முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ரொம்ப", "ரெண்டு" மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். அவை உள்ளூர்ப் பிள்ளைகள்தான். 'நிரம்ப', 'இரண்டு' என்பவை பேச்சில் தலை தேய்ந்து அப்படி ஆகிவிட்டன.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. க் என்ற மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு க மட்டுமே உட்காரும். பக்கம், தூக்கு, மூக்கு, சர்க்கரை. வேறு யாரையும் அது சேர்த்துக்கொள்ளாது. சக்தி, பக்தி என்ற சொற்களில் க்-க்குப் பின் த வருகிறது, வடமொழியிலிருந்து வந்தவை. பழைய தமிழ் நூல்களில் இவற்றையே சத்தி, பத்தி என்று மாற்றி எழுதியிருப்பார்கள். 'டாக்டர்' என்ற சொல்லில் இரண்டு குற்றம்: ட-வில் தொடங்குகிறது, க் பக்கத்தில் ட உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பாட்டி 'டாக்டர்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "டாக்குட்டரு" என்பார். நாங்கள் கேலி செய்வோம். இப்போது எழுதிப் பாருங்கள்: க் பக்கத்தில் கு, ட் பக்கத்தில் ட. பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் நாக்கு, பாதிக் குற்றத்தைத் தானாகவே திருத்தியிருக்கிறது!

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் க் வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, அடுத்த எழுத்தைப் பாருங்கள். 'செய்தியைக் கேட்டான்' என்பது போல க் சொல்லின் கடைசியில் வந்தால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அங்கேயும் க-தான் காத்திருக்கும். தப்பி நிற்கும் சில சொற்கள் கிடைக்கும். அவற்றில் அநேகமாக எல்லாமே விருந்தாளிகளாகத்தான் இருக்கும். (க் என்ற எழுத்தைப் பற்றியே நான் பேசும் இடங்களை விட்டுவிடுங்கள், அது வழக்கில் சேராது.)

நீங்கள் பென்சிலால் செய்யும் இந்த வேலையை ரஷ்யாவில் ஒரு கணித மேதை செய்தார். ஆந்திரேய் மார்க்கோவ் என்பது அவர் பெயர். கவிஞர் புஷ்கின் எழுதிய 'எவ்கேனி ஒனேகின்' என்ற கவிதை நாவலை எடுத்து அதன் முதல் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். கவிதையை ரசிக்க அல்ல. எது உயிர், எது மெய் என்று பார்க்க. 8,638 உயிர்கள், 11,362 மெய்கள். அடுத்து அவர் பார்த்ததுதான் முக்கியம். மெய்க்குப் பின்னால் உயிர் வருவது நூற்றுக்கு 66 முறை. உயிருக்குப் பின்னால் இன்னோர் உயிர் வருவது நூற்றுக்கு 13 முறைதான். அடுத்து வரப்போகும் எழுத்து, முன்னால் இருக்கும் எழுத்தைப் பொறுத்தது என்று எண்களாலேயே காட்டிவிட்டார். இதை அவர் பீட்டர்ஸ்பர்க் நகரில் அறிஞர்கள் முன்னால் வாசித்தது 1913-இல். கணினி என்ற பெட்டியே அப்போது கிடையாது.

பிறகு 1994-இல் அமெரிக்காவில் கேவ்னர், டிரெங்கிள் என்ற இருவர் இதை ஒரு விளையாட்டு போல எளிதாக்கினார்கள். ஒவ்வொரு மொழியிலும் நிறையப் பக்கங்களை எடுத்து ஓரெழுத்து முதல் ஐந்தெழுத்து வரையிலான துண்டுகளாக நறுக்கினார்கள். எந்தத் துண்டு அதிகம் வருகிறதோ அதற்கு முதல் ரேங்க், அடுத்ததற்கு இரண்டாம் ரேங்க். முதல் 300 ரேங்குகளைப் பார்த்தாலே அது எந்த மொழி என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. புதிதாக ஒரு பக்கம் வந்தால் அதையும் நறுக்கி ரேங்க் போடு. ஆங்கிலப் பட்டியலில் 3-ஆவதாக இருக்கும் துண்டு இங்கே 5-ஆவதாக இருந்தால் வித்தியாசம் 2. பட்டியலிலேயே இல்லாவிட்டால் பெரிய அபராதம். எல்லா வித்தியாசங்களையும் கூட்டு. எந்த மொழியோடு கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுதான் விடை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அவர்கள் செய்த ஒரு சோதனையில் 99.8 விழுக்காடு சரியான விடை வந்தது.

ஆனால் நறுக்குவதற்குக் காய் வேண்டும். ஒரு பக்கம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடைக்கும். "மாமா எப்ப வருவீங்க" என்று மூன்று சொல் கொடுத்தால் கொஞ்சம் துண்டுகள்தான் தேறும். அதிலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், அந்தக் கைப்பேசியின் பட்டியலில் இல்லாமலே இருந்திருக்கலாம். இல்லாத ஒன்றை அது எப்படிச் சொல்லும்? இருப்பவற்றில் கொஞ்சம் பக்கமாக இருந்ததைச் சொல்லிவிட்டது.

"பக்கத்தில் யார்?" என்பதை எழுத்துக்காரர்கள் மட்டும் கேட்பதில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் இதே கேள்விதான். அங்கே எழுத்துக்குப் பதில் அணு.

ஒரு கவளம் வெறும் சோற்றை வாயில் போட்டு, விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. உடைத்த பிறகு அமைலேஸ் தீர்ந்துபோவதில்லை. அடுத்த கவளத்துக்குத் தயார். இப்படி வேலையை வேகப்படுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருள்தான் வினையூக்கி.

இப்போது ஒரு பெரிய வினையூக்கி. வயலுக்குப் போடும் யூரியா மூட்டை பார்த்திருப்பீர்கள். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் அதன் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று மூன்று கைகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லேசில் விடாது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆஸ்மியம் என்ற உலோகத்தை வைத்து அந்தப் பிடியை விடுவித்துக் காட்டினார். ஆஸ்மியமோ உலகத்திலேயே அரிய சரக்கு. மலிவான வேறு ஒன்றைத் தேடும் வேலை பிஏஎஸ்எஃப் தொழிற்சாலையில் ஆல்வின் மிட்டாஷ் என்பவரிடம் வந்தது.

மிட்டாஷுக்குக் கணினி கிடையாது. கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். சுமார் 2,500 பொருள்கள், 6,500 சோதனைகள்! நடுவில் ஒரு வேடிக்கை. சுத்தமான இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. ஸ்வீடன் நாட்டு யெல்லிவாரெ சுரங்கத்திலிருந்து வந்த இரும்புத் தாது பிரமாதமாக வேலை செய்தது. காரணம், அதில் கலந்திருந்த அழுக்கு. பிறகு அவர்களே இரும்பில் அலுமினா, பொட்டாசியம் போன்றவற்றை அளவாகச் சேர்த்தார்கள். 1913-இல் ஒப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் உலகம் முழுக்க அம்மோனியா செய்வது பெரும்பாலும் இரும்பை வைத்துத்தான்.

இரும்பு ஏன் ஒத்துவந்தது? நல்ல வினையூக்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கத் தெரிந்த ஆள் மாதிரி. உட்காரவே சொல்லாவிட்டால் விருந்தாளி வாசலோடு போய்விடுவார். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றால் அடுத்த விருந்தாளிக்கு இடம் இருக்காது. இதைச் சொன்னவர் பிரான்ஸின் பால் சபாத்தியே. 1912-இல் நோபல் பரிசு வாங்கியவர். மாலிப்டினம் என்ற உலோகம் நைட்ரஜனை இறுக்கிப் பிடிக்கும். கோபால்ட் கண்டுகொள்ளாது. இந்தப் பிடியின் பலத்தை இப்போது உலையைப் பற்றவைக்காமலே கணினியில் கணக்கிட முடிகிறது. 2001-இல் டென்மார்க்கில் யென்ஸ் நோர்ஷ்கோவின் குழு, இறுக்கிப் பிடிப்பதையும் தளர்த்திப் பிடிப்பதையும் கலந்தால் நடுத்தரமாக வரும் என்று கணக்குப் போட்டது. சோதித்தபோது, தனித்தனியாக இருப்பதைவிடக் கலவை மிக நன்றாக வேலை செய்தது. மிட்டாஷ் இருந்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்.

இந்த இடத்தில் எழுத்துக் கதையும் அணுக் கதையும் நிஜமாகவே ஒரே அறைக்கு வந்துவிடுகின்றன. 1980-களில் டேவிட் வைனிங்கர் என்ற அமெரிக்கர், மூலக்கூறுகளை ஒரே வரியில் எழுத்துகளாக எழுத ஒரு முறை செய்தார். அதற்கு 'ஸ்மைல்ஸ்' என்று பெயர். பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது. கார்பனுக்கு ஆங்கில எழுத்து சி, ஆக்சிஜனுக்கு ஓ, நைட்ரஜனுக்கு என். ஹைட்ரஜனை எழுத வேண்டியதில்லை, தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். எரிசாராயம் என்றால் சி-சி-ஓ. அவ்வளவுதான்!

மூலக்கூறு ஒரு சொல் ஆகிவிட்டால் வேதிவினை ஒரு வாக்கியம்தானே? 2019-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர் ஆய்வகம் ஒன்றைச் சேர்ந்தவர்களும் அவர்கள் கூட்டாளிகளும், மொழிபெயர்ப்புக்காகச் செய்த கணினி நிரலை எடுத்து அதற்கு இந்த எழுத்துகளைப் பாடமாக வைத்தார்கள். ஜெர்மன் கொடுத்தால் ஆங்கிலம் தரும் நிரல், இப்போது கலக்கும் பொருள்களைக் கொடுத்தால் கிடைக்கும் பொருளை எழுதித் தந்தது. அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரங்களில் இருந்த லட்சக்கணக்கான வினைகள்தான் பாடப்புத்தகம். தேர்வு வைத்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டியது. அணு என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது என்று அதுவாகப் பார்த்துக்கொண்டது. படித்த பாடத்தில் இல்லாத மாதிரி ஒரு வினை வந்தால் இதுவும் இந்தோனேசியம் என்று அடித்துவிடலாம். அதனால்தான் அது சொல்வதைக் குடுவையிலும் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா மகள் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். வினிகரில் இருக்கும் அமிலத்துக்கு ஸ்மைல்ஸ் முறையில் என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னேன். "சி, சி, அடைப்புக்குறிக்குள்ள ஒரு சமக்குறியும் ஓவும், அப்புறம் வெளியில இன்னொரு ஓ." அப்படியே தட்டி எனக்கே அனுப்பினாள்.

கைப்பேசி ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு கேட்டது: "இத்தாலிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கட்டுமா?"