ஃபேஷன் படிப்பு: 9,000 வரவும் 18 லட்சம் செலவும்

பிளஸ் 2 முடித்துவிட்டு ஃபேஷன் படிக்க வேண்டும் என்று சொல்லும் திருச்சிப் பிள்ளைக்கு இன்று பல வழிகள் உண்டு. ஒரு வழியில் வீட்டிலிருந்து ஏறக்குறைய 18 லட்சம் ரூபாய் போகும். இன்னொரு வழியில் அரசே ஆண்டுக்கு 9,000 ரூபாய் கையில் தரும். இரண்டும் ஊசி, நூல், கத்தரிக்கோலில்தான் தொடங்குகின்றன. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பெற்றோரின் கடமை. விளம்பரத் தாளில் அந்தக் கணக்கு இருக்காது.

முதலில் பெரிய தொகை. நிஃப்ட் எனும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் 1986-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைத் தரமணிக்கு 1995-ல் வந்தது. 2006-ல் நாடாளுமன்றச் சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தது. பி.டிசைன் நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். பருவத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் என்று வைத்தால் கட்டணம் மட்டும் 12 லட்சம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 10,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் 4 லட்சம். லேப்டாப்புக்கு 70,000. துணி, தாள், வண்ணம், மாதிரித் தையல், பிரிண்ட் என்று ஆண்டுக்கு 30,000 வீதம் 1,20,000. கூட்டினால் 17,90,000.

இதில் 12 லட்சத்தை வங்கிக் கடனாக 10 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 15,858 ரூபாய். பத்து ஆண்டில் கட்டி முடிக்கும் தொகை 19 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை.

நிஃப்ட் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அங்கே இடம் கிடைப்பதே சாதனை. பி.டிசைன் நுழைவில் படைப்புத் திறன் தேர்வுக்கு 50, பொதுத் திறனுக்கு 30, கையால் மாதிரி செய்து காட்டும் தேர்வுக்கு 20 என்று மதிப்பெண்ணைப் பங்கிடுகிறார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் உதவியும் அங்கே உண்டு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்த வழியைப் பலர் பார்ப்பதே இல்லை. அது பொறியியல் கலந்தாய்வுப் பட்டியலுக்குள் இருக்கிறது. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் குமரகுருவிலும் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-லிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒதுக்கீட்டில் வராத பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. நான்கு ஆண்டில் 2 லட்சம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திருச்சியின் அரசுப் பள்ளிகளில் கணிதப் பிரிவில் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? ஆசிரியர்கள் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் போதும்.

உள்ளூர் வழி பி.எஸ்சி., மூன்று ஆண்டு. ஜமால் முகமது கல்லூரியில் ஃபேஷன் டெக்னாலஜி துறை இருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பெண் வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் செலவு பூஜ்யம். விடுதிச் செலவும் இல்லை. சுயநிதிப் பிரிவு என்று கொண்டு கட்டணம் ஆண்டுக்கு 40,000, பொருள்களுக்கு 15,000, வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் 9,000 என்று தாராளமாகவே போட்டாலும் மூன்று ஆண்டுக்கு 1,74,000. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வீதம் 36,000 வரும். பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பொருள் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசி வழி ஐ.டி.ஐ. தையல் தொழில்நுட்பம், ஃபேஷன் டிசைன் ஆகிய ஓராண்டுப் பிரிவுகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 வீதம் உதவித்தொகை. நான் முதலில் சொன்ன 9,000 இதுதான்.

படிப்பின் பெயரை மறந்துவிட்டு மெஷினில் உட்காரும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பில் 40 பேர், ஓடும் மெஷின் 20, வாரம் 6 மணி நேரம் செய்முறை என்றால் ஒரு பிள்ளைக்கு வாரம் 3 மணி நேரம். ஆண்டுக்கு 30 வாரம், 90 மணி நேரம். மூன்று ஆண்டில் 270. ஐ.டி.ஐ.யின் ஓராண்டுப் பாடத்திட்டத்தில் செய்முறைக்கு மட்டும் 840 மணி நேரம். பட்டப்படிப்பு தரும் துணியியல், கணினி வரைவு, வணிக அறிவு ஆகியவை ஐ.டி.ஐ.யில் அவ்வளவு கிடைக்காது; அது உண்மை. ஆனால் 270 மணி நேரத்தில் ஒருவர் ஆர்ம்ஹோல் சுருங்காமல் கை ஏற்றப் பழகிவிடுவார் என்று நான் நம்பவில்லை.

மெஷின் பழக்கத்தோடு கணக்கு அறிவும் வேண்டும்; அது எங்கே உதவும் என்பதற்கு ஒரு டி-சர்ட் போதும். உடல் நீளம் 72 செ.மீ., கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. அரை மார்பு 54, தையலுக்கு 4, மொத்தம் 58. முன்னும் பின்னும் சேர்த்து இரண்டால் பெருக்கி, துணியின் 180 ஜி.எஸ்.எம்.மால் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் 217 கிராம். வீணாகும் துணிக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 239 கிராம். 10,000 பீஸ் ஆர்டருக்கு 2,390 கிலோ. மெர்ச்சண்டைசர் ஒரு பீஸுக்கு 5 கிராம் குறைத்துப் போட்டுவிட்டால் 50 கிலோ துண்டு விழும். கிலோ 400 என்றால் 20,000 ரூபாய் நஷ்டம், அதுவும் ஒரே ஆர்டரில். திருப்பூர் பனியன் கம்பெனிகள் 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடிக்கு ஏற்றுமதி செய்தன. அந்த வியாபாரம் இப்படிக் கிராம் கிராமாகத்தான் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக ஏற்றியபோது ஊரே ஆடிப்போனதையும் மறக்க வேண்டாம். வேலை ஒரே சந்தையைச் சார்ந்திருந்தால் தவணையும் அதையே சார்ந்திருக்கும்.

ஸ்ரீரங்கத்திலேயே இருந்து சம்பாதிக்க முடியுமா? மாதம் 40 லைனிங் பிளவுஸ், கூலி 400 வீதம் 16,000. லைனிங், ஹூக், நூல் எல்லாம் சேர்த்து பிளவுஸுக்கு 100 என்று 4,000, மின்சாரத்துக்கு 500 கழித்தால் 11,500 நிற்கும். ஆரி வேலை தெரிந்தால் கூலி பல மடங்கு. ஒன்பது கஜத்தை, அதாவது சுமார் 8.2 மீட்டர் புடவையை, அப்படியே மாட்டிக்கொள்ளும்படி ரெடிமேட் மடிசாராகத் தைக்கத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் கல்யாண சீசனெல்லாம் வேலை இருக்கும். கொசுவம் எங்கே விழ வேண்டும், கச்சம் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது முழுக்க முழுக்க பேட்டர்ன் அறிவு. 80 கி.மீ. தள்ளிக் கரூரில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி. உறையூர், மணமேடு கைத்தறிக்கு இன்றும் டிசைன் தெரிந்த ஆள் தேவை.

கடனுக்கு நான் வைக்கும் வரம்பு இது: தவணை முதல் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. முதல் சம்பளம் 25,000 என்று நம்பிக்கையோடு போட்டாலும் தவணை 6,250. அதே வட்டியில் பத்து ஆண்டுக்கு அது தாங்கும் கடன் 4,73,000 ரூபாய்தான். மீதியை உதவித்தொகையோ சேமிப்போ தராவிட்டால் அந்தப் படிப்பு இப்போதைக்கு வேண்டாம். உள்ளூரில் பி.எஸ்சி. முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, நிஃப்டின் இரண்டாண்டு முதுநிலைக்குப் போகலாம். அங்கே ஆகும் செலவு நான்கு ஆண்டுச் செலவில் ஏறக்குறைய பாதிதான்.

முன்பணம் கட்டும் முன் வேலை நாளில் கல்லூரிக்குப் போய், ஓடும் மெஷின் எத்தனை, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வாருங்கள். எண்ண விடாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.