நீர்ப்பிரமியும் நடுவயது நினைவாற்றலும்

நீர்ப்பிரமி என்பது சதுப்பு நிலங்களிலும் நீர்நிலைகளின் ஓரங்களிலும் படர்ந்து வளரும் சிறு மூலிகை ஆகும். இதன் தாவரவியல் பெயர் பாக்கோபா மொன்னியேரி. ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் நினைவாற்றலுக்காக நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இம்மூலிகை, இன்று மாத்திரையாகவும் விற்கப்படுகிறது.

பெயர்க் குழப்பம்

பிரமி என்ற பெயர் சில இடங்களில் வல்லாரைக்கும் வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. நீர்ப்பிரமியில் பாக்கோசைடுகளும் வல்லாரையில் ஆசியாட்டிகோசைடும் உள்ளன. எனவே ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவு மற்றதற்குப் பொருந்தாது. மாத்திரை வாங்குவோர் லேபிளில் தாவரவியல் பெயரைப் பார்க்க வேண்டும்.

ஆய்வு கூறுவது

ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையிலான 76 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நீர்ப்பிரமியும் மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் மூன்று மாதங்கள் தரப்பட்டன. யாருக்கு எது தரப்பட்டது என்பது பங்கேற்றவர்களுக்கோ சோதித்தவர்களுக்கோ தெரியாது.

நீர்ப்பிரமி உட்கொண்டவர்கள் புதிதாகக் கற்றதை மற்றவர்களைவிட நன்கு நினைவில் வைத்திருந்தனர். ஆனால் கற்கும் வேகம் கூடவில்லை. கவனம், குறுகிய கால நினைவு, முன்பே அறிந்ததை நினைவுகூர்தல் ஆகியவற்றிலும் மாற்றம் இல்லை. அதாவது, இம்மூலிகை கற்றலை விரைவுபடுத்தவில்லை. மறதியைச் சற்று மெதுவாக்கியது எனலாம்.

வரம்புகள்

76 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மூன்று மாதம் என்பது குறுகிய காலம். முதுமை மறதி நோயை நீர்ப்பிரமி தடுக்கும் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. இவ்வாறே நம்பப்பட்ட மற்றொரு மூலிகை ஜிங்கோ. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,000க்கும் மேற்பட்டோரிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடந்த ஆய்வில் அது அந்நோயைத் தடுக்கவில்லை. இந்த முடிவு 2008இல் வெளியானது.

கவனிக்க வேண்டியவை

நீர்ப்பிரமியால் சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி ஏற்படலாம். வேறு மருந்துகள் உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

நடுவயதில் மறதி கூடுவதற்குத் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு முதலியன காரணமாக இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு, பி12 குறைபாடுகளை எளிய இரத்தப் பரிசோதனையில் அறியலாம். மாத்திரையை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், சரிசெய்யக்கூடிய குறை கவனிக்கப்படாமலே போய்விடும்.